கடைசிப் புள்ளி கரையேறும் வரை

"நைனா தூக்கத்துலயே போயிட்டாரு மேடம்" என்று கன்னியப்பன் சாரின் மகள் காலையில் போனில் சொன்னபோது, என் கணினித் திரையில் ஒரு பனிமலை விரிந்திருந்தது. அதன் மேல் பச்சைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ராணுவ லாரி. எல்லைக் காவல் முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போகிறது. நிஜ லாரி இல்லை. வழங்கல் பிரிவு அதிகாரிகள் திட்டமிட்டுப் பழகுவதற்காக நான் எழுதிய ஒத்திகை. அந்தப் பயிற்சி வகுப்பை ஓய்வு பெறும்வரை நடத்தியவர் கன்னியப்பன் சார்.

சரக்கு முகாமை அடைந்ததும் பயிற்சி முடிந்துவிடும். அப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எறக்கிட்டான், சரி. அவன் வூட்டுக்கு வர வேணாமா?" காலி லாரி எப்படிப் போனால் நமக்கென்ன என்றேன். விடவில்லை. உடும்புப் பிடி. தொல்லை தாங்காமல் திரும்பும் பயணத்தையும் எழுதிச் சேர்த்தேன். பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேருடைய திட்டம் அன்றைக்கே கவிழ்ந்தது. திரும்பி வர டீசல் வைக்கவில்லை.

அவரிடம் பயின்றவர்களே, கடைசி லாரி திரும்பும்வரை சாப்பிடப் போகாமல் பசியோடு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு புள்ளிக்கும் தம் ஊர்க்காரர் பெயரை வைத்திருந்தார். மண்சரிவில் ஒரு லாரி நின்றுவிட்டால், "சோறு ஆறினா சுட வெச்சுக்கலாம். நம்ம மணி இன்னும் வரல" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் இருட்டிய அந்த அறையில், வெள்ளை வெளியில் ஒவ்வொன்றாக இறங்கி வரும் புள்ளிகளைப் பார்த்தபடி இருந்தால் மலை எது, தண்ணீர் எது என்று புரியாமல் போகும். "எங்க ஏரி மாதிரியே கீதில்ல?" என்று கேட்பார். இல்லை என்பேன், வீம்புக்கு.

கடைசிப் படகு வரும்வரை தங்கள் ஊரில் யாரும் கரையை விட்டுப் போகமாட்டார்கள் என்றும் சொல்வார். நம்மைப் பட்டினி போடச் சொல்லும் சாக்கு என்று நினைத்திருந்தேன்.

அவர் ஊரான தோணிரேவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். ஆனால் எடுக்கவில்லை. விடியுமுன் இறாலுக்குப் போன அவர் தம்பிக்கு விஷயமே தெரியாது, போனும் எட்டவில்லை. தேடிப் போன படகும் திரும்பவில்லை. பழவேற்காட்டு ஏரி முழுக்க மூடுபனிபோல மழைச்சாரல்; வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளை.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும் அண்ணி" என்றார் உறவினர் ஒருவர்.

சாரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "பொம்ம லாரிக்கே காத்துக்கினு இருந்த மனுசன் அவரு. கூடப் பொறந்தவனுக்கு இருக்க மாட்டாரா?"

ஊரே கரையில் நின்றது. நானும் நின்றேன். நேரம் எங்கேயோ கரைந்து போனது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. எனக்கு அழுகை வந்தது. ஆமாம் சார், அதே மாதிரிதான் இருக்கிறது.

தம்பி நனைந்த உடம்போடு ஓடிவந்து அண்ணன் காலடியில் விழுந்தார். "எழுந்திரு. உனக்கோசரம்தான் இருக்காரு" என்றார் அந்த அம்மா. பிறகுதான் பாடையைத் தூக்கினார்கள்.

திரும்பும் பயணத்தை நீக்கிவிட்டால் வகுப்பு சீக்கிரம் முடியுமே என்று இந்த வாரமும் என்னிடம் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைசிப் புள்ளி வரட்டும். சோறு ஆறினால் ஆறட்டும்.