சுலோசனாவின் மடக்குக் கொடி

யார் வீட்டுக்குப் போனாலும் சுலோசனாவின் கண் முதலில் போவது அங்கே காய்கிற துணியின் மேல்தான். வாங்க என்று கூப்பிட்டவர்களின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் சண்முகம் இதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருஷம் கூடவே வாழ்ந்த பிறகு, அவள் ஒதுங்கி நிற்கவில்லை, கணக்கெடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துபோனது. எந்த வீட்டில் சேலையை நாலாக மடித்துப் போடுகிறார்கள், எந்த வீட்டில் கிளிப் போடாமல் முடிச்சுப் போடுகிறார்கள், யார் துண்டுக்கு அடியில் எதை ஒளித்துக் காயவைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அவள் பிறந்தது கரக்பூரில். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஏழாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது அம்மா படுக்கையில் விழுந்தாள்; பள்ளிக்கூடம் அதோடு நின்றது. ஆறு பேர் துணி அவள் கைக்கு வந்தது. கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு, கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது ஆறு இரண்டாகக் குறைந்து, மகள் பிறந்ததும் மூன்றானது. சண்முகம் மின்சாரப் பிரிவில் டெக்னீஷியன். ஒரே மகள் கீதாஞ்சலிக்குத் தமிழைவிடப் பெங்காலிதான் வாயில் தானாக வரும்.

துணி குறைந்ததே தவிர இடம் கூடவில்லை. மொட்டைமாடிக் கதவைத் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போன வருஷம் பூட்டியவர்கள் திறக்கவே இல்லை. வராந்தாவில் ஒரு ஆள் நிற்கலாம், இரண்டு பேர் நின்றால் இடிக்கும். மழை நாலு மாதம் விடாது. ஆகவே அந்தக் கட்டடத்தில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். ராத்திரி கொசுவலை கட்டுவதற்கு அறையின் நாலு மூலையிலும் அடித்திருக்கும் ஆணிகளில், பகலில் கயிறு கட்டித் துணி போட்டாள். சண்முகம் தன் வீட்டுக்குள்ளேயே குனிந்தபடி நடமாடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், ஈரம் ஏறிய சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு, இரண்டு பெட்ஷீட்டும் ஒரு பேன்டும் சாம்பார் சோற்றின் மேல் விழுந்தன.

அவர் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து ஆணியைத் திரும்ப அடித்தார். சுலோசனாதான் அன்று அந்தக் கயிற்றை அறுத்து எறிந்தாள்.

அவளுக்கு வழி கிடைத்தது மாடிப்படியின் அடியில். கல்கத்தாவில் பாதி வீடுகளின் வாசலில் இருக்கிற அதே கொலாப்சிபிள் கேட்தான். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் கோத்த இரும்புக் கதவு. இழுத்தால் வாசலை அடைக்கும், தள்ளினால் ஒரு முழ அகலத்துக்குள் ஒடுங்கிக்கொள்ளும். தினமும் நாலு தடவை அதைத் தள்ளியவள், அன்றைக்குத் தள்ளிவிட்டு அங்கேயே நின்றாள். பின்னால் வந்த மூன்றாம் மாடிக்காரர், திறக்க வரவில்லையா என்று கேட்டு உதவி செய்தார். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள்.

கிழிந்த மூங்கில் திரையிலிருந்து சிம்புகளை உருவி, ஊக்கால் கோத்து, முதல் கொடியைச் செய்தாள். இரண்டு பக்கமும் கதவைப் போல விரியும் பட்டைகள். நடுவே குறுக்குக் கம்பிகள். மேலே இரண்டு கொக்கி. ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தால் ஒன்பது கம்பிக் கொடியாக விரியும். ஒடுக்கினால் காய்கறிப் பைக்குள் போகும். கரக்பூருக்குப் போனாலும் கூடவே எடுத்துப் போகலாம்.

உள்பக்கத்தில், மற்றவற்றைவிட ஒரு சாண் குட்டையாக, இரண்டு கம்பிகளைத் தாழ்வாக வைத்தாள். அதற்கான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கொடியில் அவள் அதிகநாள் யோசித்தது அந்த இரண்டு கம்பிகளைப் பற்றித்தான்.

முதல் சோதனைக்கு எதிர்வீட்டுக் கேயாவிடம் கொடுத்தாள்; அவளைப் பௌதி என்றுதான் கூப்பிடுவாள், பெங்காலியில் அண்ணி. தப்பு அங்கே தெரிந்தது. சுலோசனா வீட்டில் சேலையை நன்றாகப் பிழிந்து, நீளவாட்டில் மடித்துப் போடுவார்கள். பௌதியோ பருத்திச் சேலையைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி, சொட்டச் சொட்ட, விரித்துப் போட்டாள். கொடி பாதியிலேயே மடிந்து கீழே இறங்கிவிட்டது. "சுலோ, ஒன் கொடிக்குக் களைப்பா இருக்காம், படுத்துடுச்சு" என்று பெங்காலியில் வராந்தாவிலிருந்து கூவினாள் பௌதி. கட்டடமே கேட்டது. சுலோசனா அதைக் கழற்றி எடுத்து வந்து, விரிந்த பிறகு பட்டையைப் பூட்டிக்கொள்கிற ஒரு சின்னத் தாழ்ப்பாளைச் சேர்த்தாள். அடுத்த தடவை கஞ்சிச் சேலையோடு அது நின்றது.

மூங்கிலில் நின்றதை அலுமினியத்தில் செய்ய, சண்முகத்தின் தம்பி ராஜ்மோகனிடம் போனார்கள். அவருக்கு ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை இருந்தது. கைத்திறன் உள்ள மனிதர், வாய்த்திறன் அதைவிடக் கூடுதல். ஒரே வாரத்தில் அழகாகச் செய்து முடித்தார். முடித்துவிட்டுப் பார்த்தவருக்கு, இது வீட்டுக்குள் வைத்துக்கொள்கிற சாமான் இல்லை, ஊரே கேட்கப்போகிற சாமான் என்பது பளிச்சென்று தெரிந்தது.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு, மனைவி சுப்ரியாவோடு வந்தார். ஒரு சட்டி மிஷ்டி தொயி என்கிற இனிப்புத் தயிரும் ஒரு பிளாஸ்டிக் கோப்பும் கொண்டுவந்தார். கோப்பில் கொடியின் வரைபடம் இருந்தது. சால்ட் லேக்கில் டிசைன் பதிவு செய்கிற அலுவலகம் இருப்பதையும், பதிந்துவிட்டால் வேறு யாரும் இதே வடிவத்தில் செய்து விற்க முடியாது என்பதையும் விளக்கினார். விண்ணப்பத்தில் அவர் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது.

சுலோசனா வரைபடத்தைத்தான் பார்த்தாள். உள்பக்கக் குட்டைக் கம்பி இரண்டையும் காணோம்.

"அது வேஸ்ட் அண்ணி. எடுத்துட்டேன்" என்றார் ராஜ்மோகன்.

"அது இருக்கணும் தம்பி."

"எதுக்கு?"

அவள் சண்முகத்தைப் பார்த்தாள். அவர் தயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  கொழுந்தனார் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சுப்ரியா மட்டும் அந்தப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, எதுக்குன்னு உங்களுக்கே தெரியல" என்று ராஜ்மோகன் சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஆபீஸ்ல நாலு கேள்வி கேப்பாங்க அண்ணி. ஏழாங்கிளாஸ் படிச்சிட்டு அங்க போய் நிக்க முடியுமா? என் பேரு இருந்தா என்ன, உங்க பேரு இருந்தா என்ன, எல்லாம் நம்ம வீடுதான."

"அப்ப என் பேரே இருக்கட்டும்."

அவள் குரல் உயரவில்லை.  கீதாஞ்சலி கையிலிருந்த கைபேசியைக் கீழே வைத்தாள்.

சண்முகம் சமாதானத்துக்கு வந்தார். இப்போது ஆடி மாதம், யாரும் எதையும் தொடங்கப்போவதில்லை, ஆவணி பிறந்ததும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். ராஜ்மோகனும் தலையாட்டினார். ஆடியில் பட்டறைக்குப் புது டிரில் மிஷின்கூட வாங்காதவர் அவர். "ஆவணி ஒண்ணாம் தேதி காலையில மொத ஆளா நான் அங்க நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பைக் கவனமாக மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போன பிறகு சண்முகம், கூடப் பிறந்தவனோடு போய் ஒரு துணிக்கொடிக்காக மல்லுக்கு நிற்பதா என்று கேட்டார். சுலோசனா பாத்திரங்களை எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "இத்தன வருஷத்துல என் பேரு ரேஷன் கார்டுல இருக்கு, ஆதார்ல இருக்கு. நான் செஞ்ச எதுலயும் இல்ல. இதுல இருக்கணும்."

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை. துணைக்கு வருவதாகவும் சொல்லவில்லை.

அவளுக்கு ஆவணி வரை பொறுமை இல்லை. ஆவணி வந்தால் அலுவலகத்தில் ராஜ்மோகன் முன்னால் நிற்பார். பட்டறையும் பேச்சும் அவர் பக்கம். ஆடி மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த அவகாசம். கீதாஞ்சலி தேவையானவற்றைத் தேடிப் படித்துச் சொன்னாள். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம், மேல், கீழ் எல்லாக் கோணத்திலும் படம் வேண்டும். வெள்ளைப் போர்வையைச் சுவரில் மாட்டி, குட்டைக் கம்பி இரண்டோடும் கூடிய கொடியை அதன் முன்னால் தொங்கவிட்டு, தாயும் மகளும் இரண்டு நாள் படம் எடுத்தார்கள். போர்வை சுருங்கியிருந்ததால் முதல் நாள் எடுத்தவை வீணாயின. மறுநாள் சுலோசனா அதை இஸ்திரி போட்டாள்.

போவதற்கு வாய்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். கிதிர்பூரில் பஸ் அரை மணி நின்றது, எஸ்பிளனேடில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அது மறுபடி நின்று, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கிற அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று பத்து. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, ராகு காலம். கீதாஞ்சலி வாசலிலேயே நின்றாள். "மா, நாலரைக்கு மேல போலாமா?" என்றாள்.

"நாலரைக்கு மேல கவுன்டர்ல ஆள் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு சுலோசனா படியேறினாள்.

உள்ளே யாரும் அவளை நாலு கேள்வி கேட்கவில்லை. ஒரே கேள்விதான், எல்லாப் படத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று. விண்ணப்பத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கீதாஞ்சலி அம்மாவின் பெயரைப் பெரிய எழுத்தில் நிரப்பியிருந்தாள். கீழே சுலோசனா தமிழில் கையெழுத்துப் போட்டாள். ரசீதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ராஜ்மோகனுக்கு அவளே போன் செய்தாள். மறைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "தம்பி, என் பேருல பதிய கொடுத்துட்டேன்."

 "ஆடிலயா?" என்றார் அவர். கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. "ஆடி செவ்வாக்கிழமையில தொடங்குன காரியம் வெளங்காது அண்ணி, பாத்துக்கங்க."

"வெளங்கலேன்னா நானே பாத்துக்கறேன்" என்றாள்.

பட்டறையில் இனி அவளுக்கு ஒரு கம்பிகூட வளைக்கமாட்டேன் என்று அவர் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். துர்கா பூஜைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போகிற வழக்கம் அந்த வருஷம் நின்றது.

சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இதைப் போல மடங்குகிற கொடிகள் முன்பே இருக்கின்றன, உங்களுடையதன் வடிவத்தில் புதிது என்ன என்று கேட்டிருந்தது. வீடியோவில் விளக்கலாம் என்று தேதியும் கொடுத்திருந்தது. அன்று சண்முகம் லீவு போட்டார். ஏன் என்று சுலோசனா கேட்டதற்குக் காரணம் சொல்லாமல், மகளின் லேப்டாப் அசையாமலிருக்க அடியில் தலையணை வைத்தார்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி இருந்தார். பக்கத்தில் இன்னொரு மனிதர். சுலோசனா பெங்காலியிலும் இந்தியிலுமாகத் தாழ்ப்பாளைப் பற்றி முதலில் சொன்னாள். அதிகாரி குறித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற அந்த இரண்டு குட்டைக் கம்பி ஏன் என்று கேட்டார்.

அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை பதில் சொல்லாவிட்டால் அந்தக் கொடி யாருடையதும் இல்லை. பின்னால் கணவர் நிற்பது அவளுக்குத் தெரியும். விஷயம் கேட்டு வந்திருந்த பௌதி சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். கூச்சம் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே பேசினாள்.

"பொம்பளைங்க உள்பாவாடை, பாடி, ஜட்டி இதையெல்லாம் வெளியில தெரியறாப்பல காயப்போட மாட்டோம் சார். சேலைக்கு அடியில, துண்டுக்கு அடியில ஒளிச்சுத்தான் போடுவோம். மழைக்காலத்துல அது காயவே காயாது. ஈரத்தோடயே எடுத்துக் கட்டிக்குவோம், அரிப்பு வரும், புண்ணு வரும், யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். எல்லா வீட்லயும் இப்படித்தான், நான் பாத்திருக்கேன். இந்தக் கம்பியில போட்டா வெளிய இருக்கிற சேலை மறைச்சுக்கும், கீழ இருந்து காத்து வரும். கம்பி குட்டையா இருக்கறதால சேலையில ஒட்டாது. அதுக்குத்தான் இந்த வடிவம்."

 பக்கத்திலிருந்தவர் பேனாவை மூடினார். கடைசியில் அதிகாரி, இதை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள், இப்போது சொன்னபடியே என்றார். சமையலறையில் பௌதி தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

 மறுநாள் வேலைக்குப் போகும்போது சண்முகம், தன் அம்மா உயிரோடு இருந்தவரை இதே தொந்தரவுபட்டதாகவும், தனக்கு நேற்றுவரை காரணம் தெரியாதென்றும் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு இறங்கினார்.

சான்றிதழ் வந்து இப்போது ஏழு மாதமாகிறது. அதில் இருப்பது சுலோசனாவின் பெயர் மட்டும். கொடியைக் கிதிர்பூரில் வேறொரு பட்டறை செய்து தருகிறது. குட்டைக் கம்பி இல்லாமல் செய்து தரச் சொல்லிக் கேட்ட ஒரு கடைக்காரரை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். ராஜ்மோகன் அண்ணன் வீட்டுப் படியேறுவதில்லை, சுப்ரியா மட்டும் வந்து ஒன்று வாங்கிப்போனாள். குவார்ட்டர்ஸில் பதினொரு ஜன்னல்களில் அது தொங்குகிறது. மொட்டைமாடிக் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.