தாலாட்டுத் தாள்

பல்கலைக்கழகத்தில் அந்தப் பேராசிரியைக்கு 'தனியா மேடம்' என்று பெயர். ஆராய்ச்சி மாணவர்கள் வைத்தது. முதுகுக்குப் பின்னால் தொடங்கி, நாளடைவில் அவர் காதுபடவே புழங்கியது. கள ஆய்வுக்குக் கிளம்பும் ஒவ்வொரு குழுவிடமும் கதவருகே நின்று அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொண்ணத் தனியா உட்கார வச்சுக் கேளுங்க. தனியா!"

துறை பொருளாதாரம். ஆனால் விலைவாசி, வங்கி வட்டி என்று யாராவது கருத்துக் கேட்டு வந்தால், "அது பக்கத்து ரூம்" என்று கைகாட்டிவிடுவார். பணிக்காலம் முழுவதும் அவர் சுற்றிச் சுற்றி வந்தது ஒரே கேள்வியைத்தான். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை என்றால், மருத்துவரிடம் போகலாம் என்று முடிவு செய்வது யார்?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று மேடைகளில் கேட்பார்கள். கல்லூரி நாளில் அம்மாவுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போனதைச் சொல்வார். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் அம்மாவைக் கேட்டார். "வலது பக்கம்" என்று அப்பா பதில் சொன்னார். வலித்தது இடது பக்கம். அம்மா திருத்தவில்லை. இப்படிப்பட்ட தொடக்கக் கதைகளைப் பிற்பாடுதான் வாழ்க்கையோடு சேர்த்துத் தைத்துக்கொள்கிறோம் என்பது பேராசிரியைக்கும் தெரியும். வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால்தான் அவர் பொருளாதாரத்துக்கே வந்தார். ஆனாலும் அந்த இடது பக்கம் பொய்யில்லை.

அவருக்குப் பேர் வாங்கித் தந்த முதல் கட்டுரை எளிமையானது. ஒரே கேள்வியை, வீட்டார் சூழ இருக்கும்போது ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் கேட்டுப் பார்த்தார். பதில்கள் மாறின. தனியாகக் கேட்டால் அழுகையும் குறையும்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதுவும் வந்தது. ஆனால் சபையில் "அவர்தான் முடிவு பண்ணுவார்" என்று தலைகுனிந்த சிலர், தனியறையில் "நான்தான் போயிட்டு வருவேன், அவருக்குத் தெரியாது" என்று சிரித்தார்கள். அடக்கமும் ஒரு பதில்தான், யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதே விஷயம் என்று அந்தக் கட்டுரையில் எழுதினார். அதற்குப் பின் 'தனியாக' என்பது அவருடைய முறையாகிவிட்டது.

எழுத எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓர் அறை உள்ள வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? கணவன் வேலைக்குப் போய்விடுவான். குழந்தைகளுக்கு ஒரு தாளும் கலர் பென்சிலும் போதும். மாமியாரை அசைக்கத்தான் எந்தப் பாடப்புத்தகத்திலும் வழி இல்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். மருமகளைக் கேட்டால் மாமியார் பதில் சொல்வார்.

வழி கண்டுபிடித்தவர் களப்பணி மேற்பார்வையாளர். எதையும் சமாளித்துவிடுவார் என்பதால் 'சமாளி' என்றே அவருக்குப் பெயர். "மேடம், மாமியாருக்கும் ஒரு தாள் போடுவோம். இன்னொரு பொண்ணு அவங்கள வெளிய உட்கார வச்சுக் கேட்டுட்டு இருக்கட்டும். அதுக்குள்ள நம்ம வேலை முடிஞ்சிடும்." இரண்டாவது வினாத்தாள் இப்படித்தான் பிறந்தது. எந்த வயதில் கல்யாணம், எத்தனை பேறு, என்னென்ன நோவு, இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று, வேண்டுமென்றே நீளமாக. மாணவர்கள் அதைத் 'தாலாட்டு' என்றார்கள்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் தடை சொல்லவில்லை. தாளின் தலைப்பில் ஒப்புதல் வாசகம் இருந்தது: 'உங்கள் பதில்கள் எங்கள் ஆய்வுக்கு உதவும்.' பேராசிரியையே எழுதியது. உதவும் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. எப்படி உதவும் என்பதைத்தான் சொல்லவில்லை. தாலாட்டுத் தாள்களைக் கணினியில் ஏற்ற ஒருவரும் முனையவில்லை. விதிப்படி சில ஆண்டுகள் அட்டைப்பெட்டியில் கிடந்தன. பிறகு விதிப்படியே கிழித்தாயிற்று.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போகும் இரண்டாம் சுற்று வந்தது. ஒரு வீட்டையே மறுபடி பார்த்து என்ன மாறியது என்று சொல்வது அபூர்வம். அவர் ஓய்வு பெறுமுன் செய்து முடிக்க விரும்பிய ஒரே வேலை அது. ஆய்வு வீடுகளில் பெரும்பகுதி பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்து கைவிட்டால் ஆய்வே நொண்டிவிடும்.

அங்கிருந்துதான் சமாளி தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், ஒரு தையல்கார அம்மா வாசலை மறிச்சுட்டு நிக்கிறாங்க. மருமகளக் கேக்க விடமாட்டாங்களாம். அவங்க சொன்னாத்தான் சந்துல மத்தவங்களும் கையெழுத்துப் போடுவாங்களாம்."

"உங்களாலயே சமாளிக்க முடியலையா?"

"தாலாட்டையும் எடுத்தேன் மேடம். அதப் பார்த்ததும்தான் கோபமே வந்துச்சு."

பேராசிரியை போனார். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், ஊசிக்கு நேர்மேலே தாழ்ந்து தொங்கும் பல்பு, தரையெங்கும் நூல் துணுக்கு, ஒரு பக்கம் பள்ளிச் சீருடைக் காலர்கள் குவிந்திருந்தன. தையல்காரம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகள் அன்று விடுமுறையில் உள்ளே இருந்தாள். தெரிந்தது நிழல் மட்டும்தான்.

"உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க" என்று மெஷினை நிறுத்தாமலே சொன்னார் தையல்காரம்மா. "போன தடவை ஒரு பொண்ணு என்னை வெளிய உட்கார வச்சு அவ்வளவு நேரம் கேட்டுச்சு. யாரும் அப்படிக் கேட்டதில்லயேன்னு நானும் கொட்டிட்டேன். என் அக்காகிட்டகூடச் சொல்லாதத. கீழ ஏதோ இறங்கி வர்ற மாதிரி இருக்கு, உட்கார்ந்து மிதிக்க முடியலன்னு. அத என்ன பண்ணீங்க?"

"அதெல்லாம் ஆராய்ச்சியில சேர்த்தாச்சும்மா" என்று சமாளி ஆரம்பித்தார். "பெரிய பெரிய எடத்துல எல்லாம்..."

"தம்பி, நான் உன்னைக் கேக்கல."

பேராசிரியையிடமும் வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்றை எடுத்து விட்டால் போதும், சாயங்காலத்துக்குள் சந்து முழுவதும் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும். ஆனால் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் வார்த்தைக்குப் பதிலாக வேறொருவர் வார்த்தையை வைக்கக்கூடாது என்பதைத்தானே இத்தனை காலம் கத்திக்கொண்டிருந்தார்?

"படிக்கலம்மா" என்றார்.

"என்னது?"

"யாரும் படிக்கல. உங்க மருமகளத் தனியாக் கேக்கணும்னுதான் உங்களுக்குப் பேச்சுக் கொடுத்தோம். அந்தத் தாளெல்லாம் கட்டி வச்சிருந்து, அப்புறம் கிழிச்சாச்சு."

மெஷின் நின்றது. தையல்காரம்மா சிரித்தார். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு. "ஏன்டி, கேட்டியா? கிழிச்சுட்டாங்களாம்."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் அத்தை" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்கன்னு நேரா சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

"போயிருக்க மாட்டேன்." பல்லால் நூலைக் கடித்தறுத்தார். "ஆனா கேட்டிருக்கலாம்ல."

அறுத்த நூலைத் தரையில் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அவளக் கேட்டத என்னை ஏன் கேக்கல?"

"எங்க ஆய்வு நாப்பத்தொம்பது வயசு வரைக்கும்தான். உங்களுக்கு அப்பவே தாண்டிடுச்சு."

"அதுக்கப்புறம் பொம்பளைக்கு உடம்பு இருக்காதா?"

பிள்ளை பெறும் வயதை வைத்து யாரோ எப்போதோ போட்ட கோடு அது. பெண்களின் உடல்நலம் என்று தலைப்பிட்ட ஆய்வுகளில் பாதி அந்தக் கோட்டோடு நின்றுவிடும். அவரும் அதைத் தாண்டி யோசித்ததில்லை.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்து மூணு."

"அப்ப உங்களையும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." தையல்காரம்மா இதை இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். "எங்க வீட்டுக்கு வரணும்னா முதல்ல என்னைக் கேளுங்க. அவளக் கேக்குற அதே தாள். மறுபடி கிழிக்கிறதா இருந்தா இப்பவே கிளம்பிடுங்க."

சமாளி பேராசிரியையின் காதருகே குனிந்தார். "ஒரு தாள்தானே மேடம், நிரப்பிக்குவோம். கணக்குல சேர்க்கணும்னு என்ன இருக்கு?"

அது இன்னொரு தாலாட்டு. பேராசிரியை எழுந்துகொண்டார். "இன்னைக்கு முடியாதும்மா. உங்க வயசுக்காரங்களச் சேர்க்க அனுமதி வாங்கணும். கிடைச்சா வரேன். கிடைக்கலன்னாலும் வந்து சொல்றேன்."

"பார்ப்போம்" என்றார் தையல்காரம்மா. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெளிநாட்டில் இருந்த கூட்டாய்வாளருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "நாள் வீணாகுது, வேற சந்துகள விடணும், முடிவு பலவீனமாகும். உனக்குக் குற்ற உணர்ச்சி. அதுக்கு நம்ம ஆய்வ பலி கொடுக்கிற" என்றார். பாதி சரிதான் என்று பேராசிரியைக்குப் பட்டது. மனம் உறுத்துகிறது என்பதற்காக யாரும் ஆய்வின் எல்லையை மாற்றுவதில்லை. ஆனால் பழைய கணக்குகளைத் திறந்து பார்த்தபோது, அந்த அம்மாளைத் தான் எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. 'மாமியார் உடன் வசிக்கிறார்: ஆம் 1, இல்லை 0.' பன்னிரண்டு ஆண்டாகத் தையல்காரம்மா ஓர் ஒன்று. தடைகளின் பட்டியலில் ஓர் ஒன்று.

"நான் மாத்தத்தான் போறேன்" என்றார்.

"அப்ப இந்தச் சுற்றோட முதல் கட்டுரையில என் பேரப் போடாத."

வீட்டில் கணவரிடம் அந்த வயதுக் கோட்டைப் பற்றிச் சொன்னார். அவர் வேதியியல் ஆசிரியர். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஓ, உன் சாம்பிள்ல இருந்து நீயே வெளிய வந்துட்டியா? வா வா. நான் எப்பவுமே அதுல இல்ல" என்றார். பேராசிரியை சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்தப் பேச்சு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அனுமதி வரும்போது வெயில் காலம் போய் மழை தொடங்கியிருந்தது. முதல் வீட்டுக்கு அவரே போனார். தையல்காரம்மா மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, தலைசீவி உட்கார்ந்திருந்தார். பேனாவைத் திறக்குமுன் மருமகள் வந்து நின்றாள்.

"அத்தைக்கு மாத்திரை பேரெல்லாம் நினைவிருக்காது. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

வாசலில் நின்ற சமாளி திருதிருவென்று விழித்தார். மருமகளுக்குப் பேச்சுக் கொடுக்கத் தாள் எதுவும் தயாரித்திருக்கவில்லை.

"உங்க அத்தையத் தனியாக் கேக்கணும்மா" என்றார் பேராசிரியை. "கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

"நான் இருந்தா என்ன?"

"போடி, கேக்குறாங்கல்ல" என்றார் மாமியார்.

மருமகள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஜன்னலோரம் அவள் நிழல் தயங்கியது. அது நகரும்வரை பேராசிரியை காத்திருந்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். உடம்பு முடியாமல் இருந்தீர்களே, மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தது யார்?

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "நான்தான். நான் போகவே இல்ல."

"இத்தனை வருஷமாவா?"

"கூட்டிட்டுப் போறேன்னு அவ தலைகீழா நிக்கிறா. மாத்திரைலயே சரியாயிட்டு வருதுன்னு நான்தான் ஏமாத்திட்டு இருக்கேன். அவ வாங்கிட்டு வர்ற மாத்திரைய முழுங்குறதே இல்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க."

பேராசிரியையின் பேனா கட்டத்தின் மேல் நின்றது. தானே, கணவர், மாமியார், பிறர். 'தானே' என்று குறித்தால் ஒன்று. தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் பெண், சுதந்திரமானவள் என்று அவருடைய எல்லாக் கட்டுரைகளிலும் அந்த ஒன்றுக்குப் பொருள். அந்தக் கட்டத்தையும் அவரே போட்டதுதான்.

தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டார். "ஏன்மா போகல?"

"போனா ஆபரேஷன்னு சொல்வாங்க. மாசக்கணக்குல மிதிக்கக் கூடாதும்பாங்க. மெஷின் நின்னா அவ சம்பாத்தியத்துல உட்கார்ந்து சாப்பிடணும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் பயமா இருக்கு."

பேராசிரியை 'தானே' என்பதைக் குறித்தார். பிறகு தாளைத் திருப்பி, எழுத்தே இல்லாத பின்பக்கத்தை மேலே வைத்துக்கொண்டார்.

"பின்னாடி எழுதுறத யாரு படிப்பா?" என்றார் தையல்காரம்மா.

"நான்."

அந்த அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மருமகளின் குரல் பொறுமையிழந்து கேட்டது. "முடிஞ்சுதா அத்தை?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி" என்றார் தையல்காரம்மா.