காதோரம் இரண்டு புள்ளி ஒன்பது

காம்பினாஸ் நகரத்துச் சோதனைக்கூடம் ஒன்றில், தலைக்குள் மூளையை ஊற்றுவதுதான் பதினோரு வருடமாக ஜோசிலேனியின் வேலை. மூளை என்றால் தண்ணீர், சர்க்கரை, உப்பு கலந்த குழம்பு. மனிதத் தலை வடிவில் வார்த்த ஓட்டுக்குள் அதை நிரப்பி, கன்னத்தோடு செல்போனை ஒட்டி, முழு சக்தியில் அலை வீசச் செய்வாள். இயந்திரக் கை ஓர் ஊசியைக் குழம்புக்குள் இறக்கி, தலை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று இடம் இடமாக அளக்கும். கிலோவுக்கு இரண்டு வாட்டைத் தாண்டினால் அந்தப் போன் கடைக்குப் போகக் கூடாது.

அந்த மார்ச்சில் வந்த மலிவு விலைப் போன் 2.9 காட்டியது. ஆன்டெனா இருந்த இடத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, திரையில் சிவப்பாக ஒரு திட்டு.

மேலாளர் எவால்டோ எட்டிப் பார்த்தார். "குழம்பு கெட்டுப்போயிருக்கும். புதுசா கலக்கு."

"காலைலதான் கலக்கினேன் சார்."

"இன்னொரு தடவ கலக்கினா கை தேஞ்சிடுமா?"

கலக்கினாள். மறுபடியும் 2.9. அடுத்த வாரம் அதே மாடலில் வேறொரு போனைத் தயாரிப்பு நிறுவனம் அனுப்பியது. அது 1.1 காட்டியது. எவால்டோ கையெழுத்துப் போட்டார். ஜோசிலேனி அடுத்த மாடலை எடுத்தாள்.

ஆகஸ்டில் அவள் அக்கா டால்வா வாங்கியது அதே மாடல்தான். டால்வா சந்தையில், சீஸ் அடைத்த பஸ்தேல் பலகாரம் பொரித்து விற்பவள். இரண்டு கையும் மாவில் இருக்கும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே ஆர்டர் எடுப்பாள்.

"அக்கா, காதுல வைக்காத. ஸ்பீக்கர்ல போடு."

"ஏண்டி, காது வெந்துடுமா? எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு மூஞ்சியே வெந்துபோச்சு."

"என்ன பண்ணும்னு எனக்கும் தெரியாது. யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா அளவு தப்பு."

"தெரியலன்னா சும்மா இரு. அந்தச் சீஸை எடு."

எவால்டோ வெளியூர் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, அக்காவின் போனைக் கேட்டு வாங்கி வந்து குழம்புத் தலையோடு ஒட்டினாள். 2.8. கடைகளில் விற்பது முதலில் வந்ததைப் போன்றதுதான் என்று அவளுக்குப் பட்டது. 1.1 காட்டியது சோதனைக்கென்றே தனியாகச் செய்த போனாக இருக்க வேண்டும்.

மறுநாள் அந்த அளவை அச்சிட்ட தாளை எவால்டோவின் முன் வைத்தாள். அவர் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"யார் போன் இது?"

"எங்க அக்காவோடது."

"உங்க அக்கா நம்ம வாடிக்கையாளரா?"

"இல்ல சார்."

"அப்போ இப்படி ஒரு சோதனையே நடக்கல." சோதனை அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தத் தாளுக்கு அவள் எடுத்து வைத்திருந்த நகலை, போன் விற்க அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். நான்கு மாதம் கழித்து, விஷயம் பரிசீலனையில் இருப்பதாக இரண்டு வரிப் பதில் வந்தது. அதற்குள் கிடங்குக் காவலாளிகூட அந்த மாடலை வாங்கியிருந்தார். அவள் பக்கத்தில் நின்று, போனை வலது காதில் அழுத்திப் பிடித்தபடி யாரிடமோ மகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.