பத்து காவானில் ஒரு கிரேக்க வினைச்சொல்

1. நிபோங் திபாலில் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கும் ஓர் ஆன்ட்டிக்காகச் செபிக்க, எங்கள் தேவாலயத்தின் தமிழ்ச் செபக்குழு ஜார்ஜ் டவுனிலிருந்து மூன்று கார்களில் கிளம்பியது.
2. குழுத் தலைவி அக்காவின் வெள்ளை மைவி கார் முன்னால் போனது. நான் இருந்த காரைக் குழுவின் மூத்த அங்கிள் ஓட்டினார்.
3. பினாங்குத் தீவிலிருந்து கடலைத் தாண்டும் இரண்டாம் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது.
4. மழை விட்டதும் முன்னால் ஒரு வெள்ளை மைவி தெரிந்தது. அதன் பின்னால் போனோம். மூன்றாவது கார் எங்கள் பின்னால் வந்தது.
5. அது அக்காவின் மைவி அல்ல.

பினாங்கில் எந்தச் சாலையில் பார்த்தாலும் ஒரு வெள்ளை மைவி போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் சேர்ந்து போகும்போது முன்னால் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். கைப்பேசியில் வழி பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “எதுக்குமா? முன்னால போற வண்டிய ஃபாலோ பண்ணா போதும்லா” என்று அங்கிள் முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் மடியிலிருந்த குறிப்புகளில் இருந்தது.

பகலில் நான் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். மாலையில் இணையத்தில் விவிலியக் கிரேக்கம் படிக்கிறேன். செபமாலைக்குப் பிறகு மாதம் ஒரு சொல்லைப் பற்றிப் பேசட்டுமா என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். ஒரு முறை பத்து நிமிடம் பேசிப் பார், எடுபடவில்லை என்றால் விட்டுவிடலாம் என்றார். எடுபடாது என்று வெளிப்படையாகச் சொன்னவர் இந்த அங்கிள்தான். அந்த ஒரு முறை அன்றுதான்.

நான் எடுத்த வினைச்சொல் அகொலுதேயோ. ஒருவர் போகும் பாதையில் அவரோடு போவது, பின்னால் போவது. நற்செய்திகளில்தான் இது அதிகம் வருகிறது. சீடர்கள் இயேசுவின் பின்னால் போவதற்கு இந்தச் சொல். சும்மா வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்துக்கும் இதே சொல். மகளை இழந்த தலைவர் ஒருவர் வந்து அழைத்ததும் இயேசு எழுந்து அவர் பின்னால் போகிறார், அங்கும் இதுதான். பேதுரு சிறையிலிருந்து வானதூதரின் பின்னால் வெளியே வருகிறார், நடப்பது நிஜமா என்றுகூடத் தெரியாமல். இவற்றையெல்லாம் வகை பிரித்து அட்டவணை போட்டிருந்தேன்.

அட்டவணையின் பாதியில் நான் இருந்தபோது கார் நின்றது. பாலம் முடியும் பத்து காவான் ஊரில் ஏதோ புதுக் குடியிருப்பு. மைவியிலிருந்து காய்கறிப் பையோடு இறங்கிய தமிழர் ஒருவர் எங்களிடம் வந்தார்.

“யாரு வேணும்ணே? பாலத்துலேருந்து என் பின்னாடியே வர்றீங்க.”

அங்கிள் சாரி என்றார். விஷயத்தைக் கேட்டு மைவிக்காரர் சிரித்த சிரிப்பில், அவர் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் கைப்பேசியில் வழி தேடுவதற்குள், நிபோங் திபால் தனக்குத் தெரிந்த ஊர்தான் என்று பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் மறுபடி காரில் ஏறினார். “வாங்க, இப்ப நெஜமாவே ஃபாலோ பண்ணுங்க” என்றார். அதே மைவியின் பின்னால் மீண்டும் போனோம்.

நிபோங் திபாலில் ஆன்ட்டி வீட்டு வாசலிலேயே அக்கா நின்றிருந்தார். செபமாலை முடிவதற்குள், சாப்பிட வைத்திருந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிவிட்டது. கிரேக்கத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்று அங்கிள் மெல்ல ஆரம்பித்தார். அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்கார ஆன்ட்டி கேட்டார்: “அது இருக்கட்டும், இவ்வளவு நேரம் நீங்கள்லாம் எங்கதான் போனீங்க?”

“அதத்தான் ஆன்ட்டி பேசப்போறேன்” என்றேன்.

அட்டவணையை மூடி வைத்துவிட்டு, மைவி கதையைச் சொன்னேன். பிறகு, யோர்தான் பக்கம் இரண்டு பேர் இயேசுவின் பின்னால் நடந்து போனதைச் சொன்னேன். அங்கும் அகொலுதேயோதான். அவர் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?” என்று அங்கிள் கேட்டார்.

“நீங்க எங்க தங்கியிருக்கீங்கன்னு கேட்டாங்க அங்கிள்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நான் சாரின்னு சொல்லிட்டேனே.”

ஆன்ட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலிக்கிறது, யாரும் இனிமேல் பேசாதீர்கள் என்றார். ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

இப்போது மாதம் ஒரு சொல் பேசுகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்பது குழுவின் நிபந்தனை. கிரேக்கம் தேவையில்லை என்ற கருத்தை அங்கிள் மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார்.