கரையாத வெல்லம்

வானொலியில் வியாபார விளம்பரம் வரத் தொடங்கிய புதிது. சென்னையில் இருந்த ஒரு விளம்பரக் கம்பெனிக்காகத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆர்டர் பிடிக்கும் நான்கு பேருக்கு நான் சூப்பர்வைசர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவனுக்கு அந்த வேலை திருவள்ளூர்க் கோயில் வீரராகவப் பெருமாள் போட்ட பிச்சை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நால்வரில் ஒருவர் திருவாலங்காட்டுக்காரர். நல்ல மனிதர், ஆனால் ஆளைக் கண்டால் கூச்சம். கடையில் நிற்கும் கூட்டமெல்லாம் போன பிறகுதான் வாயைத் திறப்பார். இந்த மாதமும் ஆர்டர் இல்லாவிட்டால் அவரை நிறுத்திவிடும்படி கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும், சொன்னேன். "சரிங்க சார்" என்றார். அந்த வாரமே வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தருகில் இருந்த வெல்லக் கடையில் ஆர்டர் பேசிவிட்டு வந்தார்.

விளம்பர வாசகம் சென்னையில் எழுதி வந்தது. ஒலிப்பதிவுக்கு முன் கடைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் போனோம். திருவாலங்காட்டுக்காரர் வாசித்தார்: "மழைக்காலத்திலும் கசியாது, கரையாது..."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"இன்னா நைனா படிக்கிற? கரையாதா?"

"கெட்டி வெல்லம்னு அர்த்தங்க."

"அமாவாசைக்கு வர்ற ஜனம் குளத்துல கரைக்கத்தான்யா வெல்லம் வாங்குது! வெல்லம் கரையற மாதிரி மரு கரையணும், கட்டி கரையணும்னு வேண்டிக்கினு போடுது. நீ ஊருக்கே கரையாதுன்னு சொல்றியே!"

வெல்லம் வாங்க நின்ற ஒரு அம்மாள் கையிலிருந்த உருண்டையைத் திருப்பி வைத்தாள். "அய்ய, அப்ப எனக்கு வேணாம்பா."

"பாத்தியா? ரேடியோல வரதுக்குள்ளயே வியாபாரம் பூட்ச்சி. ஆர்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மாற்றி எழுதலாம் என்றேன். "அப்ப வியாதி கரையும்னு போடு சாமி" என்றார். வைத்தியம் மாதிரிப் பேச்செல்லாம் வானொலியில் விட மாட்டார்கள். "சட்டென்று கரையும்னு போடலாமா?" என்று கேட்டேன்.

"பொங்கல் வைக்க வாங்கினு போறவன், ஊடு போறதுக்குள்ள கரைஞ்சிடும்னு பயப்படுவான்."

மனதுக்குள் பெருமாளைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள்தான் பொறுமையிழந்து சொன்னாள்: "அமாவாசைன்னா வெல்லம். இத ரேடியோ வேற சொல்லணுமா?"

"யம்மா, இன்னொரு தபா சொல்லுங்க!" என்று கத்தினார் நம்மவர். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவே இல்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

'அமாவாசை என்றால் வெல்லம்.' அதற்கடியில் கடையின் பெயர். கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். அம்மாளுக்கு ஒரு உருண்டை சும்மா கொடுத்தார். சென்னையிலிருந்து நிறுத்துகிற பேச்சு அப்புறம் வரவில்லை.

அடுத்த அமாவாசையன்று தீர்த்தமாடப் போனேன். குளத்துப் படியில் நம்மவர், தண்ணீருக்குள் வெல்லத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருவா, கட்டியா?" என்றேன்.

"கூச்சம் சார்."

"கரைஞ்சுதா?"

கையைத் தூக்கிப் பார்த்தார். "பாதி கீது சார்."