யாரும் கேட்காத மூன்று வாரம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கல்லூரிக்குத் திரும்பினேன். பி.காம் இரண்டாம் ஆண்டு. தினமும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ். அம்மா ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்த்தவள். ஒருநாள் மத்தியானம் தலைவலி என்று சொல்லிக்கொண்டே மெஷின்மேல் மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

வகுப்பில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். விட்டுப்போன பாடங்களை எனக்காக எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஒருத்திகூட அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உள்ளே போனால் சிரிப்பு அடங்கிவிடும். வராந்தாவில் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, என்னைப் பார்த்ததும் சட்டென்று வைத்துவிட்டாள். எனக்கு ஏதோ தொற்றுநோய் வந்ததுபோல இருந்தது. வீட்டில் அப்பாவும் பேசமாட்டார். சில நாட்களில் நான் வாய் திறந்து சொன்னது கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் மட்டும்தான்.

மூன்று வாரம் இப்படிப் போனது. பிறகு தேர்வு விண்ணப்பம் வந்தது. எல்லோருக்கும் வெற்றுப் படிவம். என்னுடையதை மட்டும் வகுப்பு மேடம் தானே நிரப்பிக் கொடுத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டால் போதும். தாயார் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது. அதை எழுதும் கஷ்டம் எனக்கு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். எனக்கோ அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், ஏன் நிரப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் தடுமாறினார். நான் திரும்பி வருவதற்கு முன்பே, அம்மா பேச்சையே எடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லி வைத்ததும் தான்தான் என்றார்.

“எங்க வீட்டுக்காரர் போனப்போ, எப்படி ஆச்சு, எப்போ ஆச்சுன்னு எல்லாரும் கேட்டுக் கேட்டு பேஜார் பண்ணிட்டாங்கம்மா. உனக்கு அது வேணாம்னு நெனச்சேன்.”

“யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன் மேடம்,” என்றேன்.

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “சரி, நான் கேக்கறேன். அன்னிக்கு இன்னா ஆச்சு?”

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மாவுக்கு நினைவு திரும்பியிருக்கிறது. கூட வேலை செய்யும் அக்காவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஐந்து தடவை. என் போன் சைலண்டில் பைக்குள் இருந்தது. நான் பார்த்துவிட்டு ஓடியபோது அம்மாவுக்கு மறுபடி நினைவு தப்பியிருந்தது. அதற்கப்புறம் கண் திறக்கவே இல்லை.

எத்தனை மணி என்று மேடம் கேட்டார். ரெண்டரை என்றேன். சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அது என் கிளாஸ்மா. போனை எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான்.”

நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, நானும் அவரை. வாட்ச்மேன் வந்து கதவைப் பூட்ட நிற்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் வகுப்பில், தான் சொன்னது தப்பு என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். இனி அவசரத்துக்குப் போனை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதன்பிறகு இரண்டு பேர் வந்து அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். ஒருத்தி கேட்டுவிட்டு அழுதாள்; நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குக் கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் தனியாகத்தான் இருந்தது.

படிப்பு முடிந்து இப்போது நானும் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். மேடம் எப்போதாவது போன் செய்து, அம்மா ஞாபகம் வந்ததா என்று நேராகவே கேட்பார். அப்பாவுக்கு மட்டும் அந்த ஐந்து அழைப்புகளைப் பற்றி இன்னும் தெரியாது. இரவு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். குழம்பு வேண்டுமா என்று கேட்கிறேன். போதும் என்கிறார்.