தோன்காவின் இரண்டு விலைப்பலகைகள்

புர்காஸ் கடற்கரையில் தோன்காவின் வாய்க்குத் தப்பியவர் யாரும் கிடையாது. முதலாளி, சமையல்காரன், நகராட்சி, கடற்காகம் எல்லோருக்கும் அவளிடம் தினப்படி பங்கு உண்டு. பெரும்பங்கு மட்டும் வெயிலில் தோல் உரிந்து, தொப்பி போட்டு, பசியோடு வந்து உட்காரும் வெளியூர்க்காரர்களுக்கு.

கடலோரப் பூங்காவின் படிக்கட்டுக்குக் கீழே, மணலை ஒட்டி இருந்த சாப்பாட்டுக் கடையில் அவள் இருபது கோடைகாலம் தட்டு ஏந்தினாள். அவள் சேர்ந்தபோது அங்கே நாலு மேசையும் ஒரு தகரக் கூரையும்தான். பழைய முதலாளி செத்து, மகன் கிராசென் கைக்கு வந்ததும் கடைக்கு வெள்ளை மெத்தை நாற்காலி வந்தது, பாட்டுப் பெட்டி வந்தது, உத்தரத்தில் தொங்க ஒரு மீன்வலையும் வந்தது. அந்த வலை தண்ணீரையே பார்த்ததில்லை.

"வலையும் நம்ம மீனும் ஒரே கப்பல்ல, ஒரே பனிக்கட்டிப் பெட்டியிலதான் வந்துச்சு" என்பாள் தோன்கா. மீன் மட்டில் அது உண்மைதான். 'இன்று காலை பிடித்தது' என்று விலை அட்டையில் போட்டிருந்த மீன் எந்தக் கடலில், எந்த வருடக் காலையில் பிடிபட்டது என்று கிராசெனுக்கே தெரியாது.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் தாராதோர் கேட்டார். தயிரும் வெள்ளரிக்காயும் பூண்டும் போட்டு, வெயிலுக்குக் குடிக்கிற குளிர்ந்த சூப் அது. ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்து, சூப் ஆறிப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். தோன்கா உள்ளே போனாள். இரண்டு ஐஸ் துண்டும் ஒரு கிள்ளு சதகுப்பைத் தழையும் போட்டு அதே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார்.

"இவனுக்கெல்லாம் கிராசென் போதாது, இன்னும் பெரிய திருடன் வேணும்" என்றாள் அவள் சமையல்கட்டில்.

கிராசெனும் சின்னத் திருடன் இல்லை. புர்காஸில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். வந்தவர்களுக்கு அதுவே ஆமாம். ரொட்டி இலவசமா என்று எவராவது கேட்டால், பதில் பேசாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டச் சொல்லி எல்லோரையும் பழக்கியிருந்தான். இலவசம் என்று நினைத்து அவர்கள் கூடையைக் காலி செய்வார்கள். கடைசியில் ரொட்டிக்கும் சேர்த்துச் சீட்டு வரும். சண்டைக்கு வந்தால் கிராசென் கையை விரிப்பான்: "நான் அப்பவே இல்லேன்னு சொன்னேனே!"

தோன்காவும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, ஆட்டியதை நம்பியவர்களைப் பார்த்துச் சிரித்தாள். ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள், முட்டாள்களுக்காக யார் அழுவது என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சியை உடைத்தது ஒரு போலந்துக் கிழவியின் நன்றி.

கிழவனும் கிழவியுமாக வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் துணித் தொப்பி. அட்டையில் கல்கான் மீனுக்கு எதிரே பன்னிரண்டு லெவா என்று பெரிதாகவும், அதன் காலடியில் 'நூறு கிராமுக்கு' என்று எறும்பளவிலும் போட்டிருந்தது. கிழவர் பெரிய எழுத்தை மட்டும் படித்தார். கல்யாண நாள் என்று கையைக் காட்டி, மோதிரத்தைக் காட்டி, தாம்பாளம் மாதிரி தட்டையான அந்த மீனைக் கேட்டார். ஒன்றரைக் கிலோ மீன் வந்தது. இரண்டு பேரும் ஆசையாக, முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டார்கள்.

சீட்டு வந்ததும் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். நூற்றெண்பது லெவா. சத்தம் போடவில்லை. பர்ஸில் இருந்தது போதாமல் கிழவியின் கைப்பையைத் திறந்தார்கள். அங்கேயும் போதாமல், ஊருக்குப் போகிற செலவுக்கு என்று தனியாக உறையில் ஒட்டி வைத்திருந்ததைப் பிரித்தார்கள். எல்லாம் கொடுத்து முடித்தபின் கிழவி எழுந்து, தோன்காவின் கையைப் பிடித்து அதில் இரண்டு லெவா நாணயத்தை வைத்தாள். "நல்லா கவனிச்சுக்கிட்டீங்க, நன்றி" என்று பாதி ருஷ்ய மொழியிலும் பாதி கைஜாடையிலும் சொன்னாள்.

திட்டியிருந்தால் தோன்கா சிரித்திருப்பாள். அவளுக்குத் திட்டு பழகிய சமாச்சாரம். இந்த நன்றிதான் தொண்டையில் முள்ளாக நின்றது. அன்று சாயங்காலம் வரைக்கும் யாரையும் வையாமல் இருந்தாள். சமையல்காரன் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் காலையில் காய்கறி எடை போடுகிற தராசைத் தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு வந்தாள். யார் மீன் கேட்டாலும் பச்சை மீனை அவர்கள் கண் முன்னால் தராசுத் தட்டில் போட்டு, மூன்று மேசைக்குக் கேட்கிற மாதிரி கூவினாள்.

"ஒரு கிலோ இருநூறு! நூத்தி நாப்பத்தி நாலு லெவா! வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க, பக்கத்துல சாலட் இருக்கு, ஏழு லெவா!"

அன்று மதியம் கடை முழுக்கத் தக்காளியும் வெள்ளரிக்காயும் தின்றது. கிராசென் ஓடி வந்தான்.

"அக்கா, என்ன பண்றீங்க? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"எடை போடுறேன் முதலாளி."

"யார் போடச் சொன்னது?"

"நீதான் நூறு கிராமுக்குன்னு எழுதியிருக்கே. நூறு கிராமுன்னா எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"எங்க அப்பா காலத்துல இருந்து உங்க மேல ஒரு மரியாதை வெச்சிருந்தேன்."

"உங்க அப்பன் மீனைத்தான் பொரிச்சான். நீ ஆளைப் பொரிக்கிறே."

அவள் பரிமாறுகிற மேலங்கியைக் கழற்றி அந்த அலங்கார வலையில் வீசிவிட்டு வெளியேறினாள். அது அங்கேயே தொங்கியது. அந்த வலையில் முதன்முதலாக ஏதோ விழுந்தது என்று கடைப் பணியாளர்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

துறைமுக வாசலுக்கு எதிரே அவளுடைய சித்தப்பா மகனுக்கு ஒரு வண்டி பழுதுபார்க்கும் கொட்டகை இருந்தது. அதன் சுவரில் சன்னல் திறந்து, ஒரு எண்ணெய்ச் சட்டி வைத்தாள். சாசா மட்டும்தான். விரல் நீளப் பொடிமீன். மாவில் புரட்டிப் பொரித்துத் தலையோடு தின்ன வேண்டியது. காகிதத்தில் ஒரு குவியல் நாலு லெவா. ரொட்டி சேர்த்து. உட்கார இடம் கிடையாது. பாரந்தூக்கி ஆட்கள், பேருந்து ஓட்டுநர்கள், சுங்க அலுவலகக் குமாஸ்தாக்கள் எல்லோரும் நின்றபடி தின்றார்கள், திட்டு வாங்கினார்கள், மறுநாளும் வந்தார்கள்.

அவர்களில் முதல் ஆள் ஸ்தாமத். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை இல்லாவிட்டாலும் துறைமுக வாசலை விட்டு நகராதவர். அவர் தோன்காவைப் பாராட்டியதே இல்லை. அதனாலேயே அவளுக்கு அவரைப் பிடிக்கும்.

இரண்டாவது கோடையில் கைப்பேசியும் கையுமாக ஒரு பெண் வந்தாள். எந்த நாட்டுக்காரியோ. சட்டியைப் படம் பிடித்தாள், துருப்பிடித்த கதவைப் பிடித்தாள், தோன்கா வைததையும் பிடித்தாள். அடுத்த வாரம் சன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. வைவதைக் கேட்கவே வந்தவர்கள் பாதிப் பேர். "திட்டும் அம்மா இவங்கதானா?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். தோன்கா வைதால் கை தட்டினார்கள். இருபது வருடம் யாரை இளக்காரம் செய்து பிழைத்தாளோ, அவர்களுக்கு அவளே இப்போது வேடிக்கைப் பண்டம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பொறுக்காதது வேறு. நாலு லெவாவைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். "இவ்வளவுதானா!" என்று ஒருவரையொருவர் பார்த்து, ஏழைக்குத் தருமம் போடுகிற மாதிரி பத்து லெவாவை வைத்துவிட்டு மீதி வேண்டாம் என்றார்கள்.

"மீதி வேணாமா? சரி, வேணாம்" என்று அவள் ஒரு அட்டையை எடுத்தாள்.

சன்னலின் இடது பக்கம் பழைய பலகை உள்ளூர் எழுத்தில்: சாசா, நாலு. வலது பக்கம் புதிய பலகை லத்தீன் எழுத்தில், ஒரு மீன் படமும் போட்டு: சாசா, ஒன்பது.

அன்று ஸ்தாமத் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது என்ன தோன்கா, இந்தப் பக்கம்?"

"அது உங்களுக்கு இல்ல, அண்ணே. நீங்க இந்தப் பக்கம் படிங்க."

"நான் ரெண்டு பக்கமும் படிப்பேன். கிராசென் எறும்பெழுத்துல போட்டான். நீ வேத்தெழுத்துல போடுறே. அவன் அப்பன் விட்ட கடையில பண்றான். நீ அவனை வேணாம்னு நீயே திறந்த கடையில பண்றே."

"அவங்க கிட்ட கொட்டிக் கிடக்கு. குடுக்கட்டுமே. உங்களுக்கு ஏத்துனேனா?"

"எனக்கு ஏத்தல" என்றார் ஸ்தாமத். காகிதத்தை வாங்காமலே போய்விட்டார்.

போனால் போகிறார் என்று தோன்கா சட்டியைக் கிளறினாள். கிழடு, வேலைவெட்டி இல்லை, வாய் மட்டும் இருக்கிறது என்று அவர் முதுகுக்குப் பின்னால் வைதாள். ஆனால் மீன் கருகியது. ஒரு சட்டி முழுக்கக் கடற்காகத்துக்குப் போயிற்று.

ஆடி வெயில் உச்சத்தில் வரிசையில் ஒரு பெண் வந்தாள். பெயர் லெஸ்யா. ஒதேசாவில் குண்டு விழுந்தபின் மாமியாரோடு புர்காஸ் வந்து, விடுதியில் அறை கூட்டிப் பிழைப்பவள். வலது பக்கம் நின்றிருந்தவளிடம் தோன்கா, முகத்தைக் கூடப் பார்க்காமல், "ஒன்பது" என்றாள்.

லெஸ்யா இரண்டு பலகையையும் படித்தாள். அவளுக்கு இரண்டு எழுத்தும் தெரியும்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா, அக்கா?"

"கேளு."

"லத்தீன் சாசாவுக்குத் தீனி ஜாஸ்தியா? இல்ல, அது நாலெழுத்துப் படிச்ச மீனா?"

வரிசையில் பின்னால் நின்ற பாரந்தூக்கிகள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பில் தரையில் குந்திவிட்டான். தோன்கா கரண்டியை ஆட்டினாள். பிறகு, "சிரிக்காதீங்கடா, எருமைங்களா!" என்று அவர்களைத்தான் வைய முடிந்தது.

லெஸ்யாவுக்கு ஒரு குவியலைக் கட்டி நாலு லெவா வாங்கிக்கொண்டாள். அவள் போன பிறகும் முகம் எரிந்தது. கிராசெனிடமிருந்து வெளியே வந்த அன்று அவளுக்குத் தான் கிராசென் இல்லை என்ற ஒரு நிமிர்வு இருந்தது. அதை அஞ்சு லெவாவுக்கு விற்றுவிட்டோமே என்று இருந்தது. அதுவும் வரிசையில் நின்றவர்களுக்கு எல்லாம் தெரிகிற மாதிரி பலகை போட்டு.

கடை மூடுவதற்குள் இரண்டு பலகையையும் கழற்றினாள். எண்ணெய் விலையும் மாவு விலையும் ஏறியிருந்தது நிஜம். நாலுக்குக் கட்டாது. ஒரே பலகையில், இரண்டு எழுத்திலும், ஐந்து என்று போட்டாள்.

யாருக்கும் திருப்தி இல்லை. பாரந்தூக்கிகள் ஒரு லெவா ஏறிவிட்டது என்று புலம்பினார்கள். வந்தவர்கள் அப்போதும் மலிவு என்று சிரித்தார்கள். கிராசென் கடையில் கூட்டம் குறையவே இல்லை. எறும்பெழுத்து அப்படியேதான் இருக்கிறது, கல்கானுக்கு இப்போது பதினாலு. நியாயமாக நடப்பவனுக்குக் கடற்கரையில் யாரும் மாலை போடுவதில்லை என்று தோன்காவுக்குத் தெரியும். மாலை கேட்கவும் இல்லை.

லெஸ்யா விடுதி வேலையை விட்டு, சன்னலுக்குள் வந்து மாவு புரட்டுகிறாள். இரண்டு வாய் ஒரே சன்னலில். வரிசையில் நிற்பவர்கள்தான் பாவம்.

ஸ்தாமத் ரொம்ப நாள் எதிர்ப் பக்கமாகவே நடந்தார். ஒரு மதியம் சாலையைக் கடந்து வந்து, பலகையை மேலிருந்து கீழே படித்து, ஐந்து லெவாவை வைத்தார். ஒரு மீனை எடுத்து மென்றார். தோன்கா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புக் கம்மி" என்றார்.

"கடல் எதிர்லதான் இருக்கு. போய் முக்கித் தின்னுங்க" என்றாள் தோன்கா.

அவர் இன்னொரு மீனை எடுத்தார்.